மானியம் தீண்டாத மக்கள்

மலேசியாவின் கேரி தீவில் பிறக்கக் கொடுத்துவைத்தால் செம்பனையாகப் பிறக்க வேண்டும். நாற்றங்காலில் ஓராண்டுச் சீராட்டு. நட்ட பிறகு வேளாவேளைக்கு உரம். ஓலையை நறுக்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, பொட்டாசியம் போதுமா, மக்னீசியம் குறைகிறதா என்று நாடி பார்ப்பார்கள். எலி பழத்தைக் கடிக்கிறதென்றால், எலியைப் பிடிக்கும் கூகைக்குத் தோட்டத்துக்குள்ளேயே பெட்டி வீடு கட்டித் தருவார்கள், வாடகை கிடையாது. தீவிலேயே ஆராய்ச்சி நிலையம் வைத்திருந்த சைம் டார்பி நிறுவனம், செம்பனையின் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்துவிட்டதாக 2009-இல் அறிவித்தது. ஏழு தலைமுறைச் சாதகமும் கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது இருபத்தைந்தைத் தாண்டினால் ஓய்வு. அந்த ஓய்வுக்கும் அரசாங்கம் கைகொடுத்தது. 2008-இன் கடைசியில் எண்ணெய் விலை சரிந்தபோது, வயதான மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்ய ஹெக்டேருக்கு 1,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், என்று அறிவிப்பு வந்தது.

அந்த மரத்தடியில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கியவர்களுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. அவர்களுடைய மரபணுவை எவரும் படிக்கவில்லை. சிலருடைய பிறப்புப் பத்திரமே இன்னும் படித்து முடிக்கப்படவில்லை. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இந்த மண்ணில் பிறந்து, வளர்ந்து, பேரன் எடுத்து, அதே சிவப்பு அட்டையோடு போய்ச் சேர்ந்த தோட்டத்துப் பாட்டிகள் எத்தனையோ பேர். ஓய்வு வயது வந்ததும் அவர்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று. லயத்து வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுப்பது. இவ்வளவு எளிமையான ஓய்வூதியத் திட்டம் உலகில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதில் குறை காண்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. மானியம் மனிதனைச் சோம்பேறியாக்கும், கைநீட்ட வைக்கும், முதுகெலும்பை வளைக்கும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் இந்த நாட்டில் அந்தக் கறை படியாமல் நூறாண்டுக்கு மேலாகக் கண்ணுங்கருத்துமாகக் காப்பாற்றப்பட்ட ஒரு கூட்டம் தோட்டத்துத் தமிழர்களாகிய எங்களுடையதுதான். எங்கள் முதுகு வளைந்ததற்குக் காரணம் மானியம் அல்ல, பழம் பொறுக்கியது. காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்ல யாருமே முன்வராதது எனக்கு நெடுநாள் மனக்குறை. இந்தக் கட்டுரை அந்தக் கடனைத் தீர்ப்பதற்கு.

கெட்டுப்போனவர்களின் கதையை முதலில் பார்த்துவிடலாம். கிளந்தான், திரங்கானுக் கடலோர மணல் நிலத்தில் புகையிலை பயிரிட்டவர்களுக்காக 1973-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. தேசியப் புகையிலை வாரியம் பிறந்தது. பயிரிட உரிமம், பச்சையிலைக்கும் பதப்படுத்திய இலைக்கும் அடிமட்ட விலை, ஆலோசனை சொல்ல அதிகாரிகள். பிறகு ஆசியான் நாடுகளுக்கிடையே வரிச் சுவர் இறங்கியது. அண்டை நாட்டு மலிவு இலைக்கு முன் உள்ளூர் இலை நிற்க முடியவில்லை. போதாக்குறைக்கு, உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை மலேசியா 2005-இல் ஏற்றுக்கொண்டது. புகையிலை கேடு என்று கையெழுத்துப் போட்ட அதே அரசாங்கம், புகையிலைக்காரனைத் தெருவில் விடக் கூடாது என்றும் நினைத்தது. புகையிலையை விட்டுவிட்டுக் கெனாப் நடுங்கள் என்று சொல்லி, நாருக்காக வளர்க்கும் அந்தச் செடியை, நம் புளிச்சக்கீரையின் உறவுக்காரச் செடிதான் அது, கையில் கொடுத்து, மாறுவதற்கு உதவியும் கொடுத்து, 2010-இல் வாரியத்தின் பெயரையே தேசியக் கெனாப், புகையிலை வாரியம் என்று மாற்றியது. பயிர் மாறியது, பயிரிட்டவனைப் பிடித்த கை விடவில்லை. பாவம், அந்த விவசாயிகள் இப்படித்தான் மானியத்துக்குப் பழகிக் கெட்டுப்போனார்கள்.

எங்கள் பக்கமும் பயிர் மாறியது. கித்தா என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பால்மரத்துக்கு விடியற்காலையில் ஒவ்வொரு மரமாகப் போய் வெட்ட ஆள் வேண்டும். செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம், இரண்டு மூன்று பேர் பார்த்த நிலத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். மீதிப் பேருக்குக் கெனாப்பைக் காட்டி யாரும் தொல்லை செய்யவில்லை. கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் காஜாங்குக்கும் போகிற சாலைகளைத் திறந்துவைத்தார்கள். எங்கு வேண்டுமானாலும் போய்க் குடிசை போட்டுக்கொள்ளும் சுதந்திரத்தை வாரியம் வைத்துக் கட்டுப்படுத்தாதது எவ்வளவு பெரிய மனது!

அமெரிக்காக்காரர்களும் இந்தக் கலையில் லேசுப்பட்டவர்கள் அல்ல. அங்கே 1930-களிலிருந்து புகையிலைக்குப் பங்கீடு முறை இருந்தது. பங்கீட்டுச் சீட்டு இருந்தால்தான் விளைத்து விற்கலாம். 2004-இல் அதை ஒழித்து, சீட்டுக்காரர்களுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். பத்தாண்டில் ஏறத்தாழ 1,000 கோடி டாலர். சீட்டு வைத்திருந்தவருக்கு ராத்தலுக்கு 7 டாலர். உண்மையில் பயிரிட்டவருக்கு ராத்தலுக்கு 3 டாலர். சீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் உட்கார்ந்திருந்த மகராசனுக்கு இரண்டு பங்குக்கு மேல். வயலில் இறங்கி இலை ஒடித்து, நிகோட்டின் தோலில் ஏறி வாந்தி எடுத்த கூலியாளுக்கு, பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர், ஒன்றுமில்லை. நிலத்துக்கு எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறோமோ அவ்வளவுக்கு மானியம் நெருங்கி வரும் என்ற இந்தச் சூத்திரத்தை அவர்கள் 2004-இல்தான் கண்டுபிடித்தார்கள். மலாயாவில் இது 1952-லேயே நடப்பில் இருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

1952-இல் கித்தா மறுநடவு நிதிக்குச் சட்டம் வந்தது. கிழட்டு மரங்களை வெட்டிவிட்டு நல்ல ரகம் நட வேண்டும். அதற்குக் காசு வேண்டும். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ராத்தல் ரப்பருக்கும் நாலரை காசு பிடித்தார்கள். அந்த ராத்தல் எங்கிருந்து வந்தது? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுவுக்கும் அட்டைக்கும் கப்பம் கட்டி, மங்கு மங்காகச் சொட்டிய பால் அது. பிடித்த காசை இரண்டாகப் பிரித்தார்கள். ‘ஏ’ நிதி பெருந்தோட்டங்களுக்கு. ‘பி’ நிதி நூறு ஏக்கருக்கும் குறைவாக வைத்திருந்த சிறுதோட்டக்காரர்களுக்கு. பால் வெட்டியவர்களுக்கு ஒரு ‘சி’ நிதி வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் நிர்வாகம் தெரியாதவர்கள். ஆங்கில அரிச்சுவடியில் இருபத்தாறு எழுத்துதான் இருக்கிறது; ஆளுக்கொன்று கொடுத்தால் காலியாகிவிடாதா?

எங்களுக்காக எந்த நிதியுமே இருந்ததில்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சு. எங்கள் பெயரிலேயே ஒரு நிதி இருந்தது. 1907-இல் இந்தியக் குடியேற்றக் குழு அமைத்துத் தோட்டக்காரர்களிடம் தலைவரி மாதிரி ஒன்று வசூலித்துத் தமிழர் குடியேற்ற நிதி என்று வைத்தார்கள். எதற்கு? எங்களை ஏற்றி வருவதற்கு. ஊருக்குள் ஆள் பிடித்த கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன், நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம், கப்பல் கூலி, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியதும் தனிமைக் கொட்டகை. இன்றைய கிள்ளான் துறைமுகந்தான் அது. கேரி தீவிலிருந்து கூப்பிடு தூரம். இலவசமாகக் கப்பல் ஏற்றிவிட்டு, இறங்கிய இடத்தில் கூலியைக் குறைவாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஆட்களைக் கொண்டுவந்து குவித்த அந்த ஏற்பாட்டை மானியம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? கிடைத்தது துரைக்கு என்பது உண்மைதான். ஆனாலும் பெயர் எங்களுடையது.

1938-இல் இந்திய அரசு, கூலி குறைப்பைக் கண்டித்து ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஆள் வருவது நின்றது, நிதி நிற்கவில்லை. மிச்சமிருந்த பணத்தை என்ன செய்வது? சுதந்திரத்துக்குப் பிறகு, 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதிச் சட்டம் என்று ஒன்று போட்டு அதைப் பத்திரப்படுத்தினார்கள். வயதாகி ஒடுங்கிய தொழிலாளிக்கு இல்லம், பிள்ளைகளின் படிப்பு என்று நல்ல நோக்கங்கள் எல்லாம் அதில் இருந்தன. எனக்குத் தெரிந்த தோட்டங்களில் இந்த நிதியைப் பற்றிக் கேட்டால், மாரியம்மன் கோயில் திருவிழா நிதியா என்று திருப்பிக் கேட்பார்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்களே, இங்கே வாங்குகிற கைக்கே தெரியாமல் கொடுத்திருக்கிறார்கள். பிறகு 1999-இல் இன்னொரு சட்டம் வந்து அதைக் கலைத்துவிட்டது. மீதி அரசாங்கக் கஜானாவுக்குப் போயிற்று. எங்கள் பாட்டன் வேர்வையை வைத்துக் கட்டிய பணம், எங்களைக் கெடுக்காமல், நாட்டின் பொதுப் பணத்தோடு கலந்து புண்ணியம் தேடிக்கொண்டது. ஊரான் வீட்டு நெய்யே என்ற பழமொழியை இங்கே யாரும் சொல்லக் கூடாது. நெய் எங்களுடையது, கையும் எங்களுடையது. இலை மட்டுந்தான் வேறு யாருடையதோ.

மானியம் கேட்டவர்களை அரசாங்கம் ஒருபோதும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்பதற்குக் கிள்ளான் வட்டாரமே சாட்சி. 1941-இல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்பதை நிறுத்து. இவைதான் கோரிக்கைகளில் சில. முன்னின்ற ஆர். எச். நாதனுக்கு அரசாங்கம் கைவிலங்கும், தன் செலவிலேயே இந்தியாவுக்குக் கப்பல் பயணமும் கொடுத்தது. மற்றவர்களுக்குப் பஞ்சாப் படையணியைத் தருவித்தது. அதற்கும் தொழிலாளியிடம் ஒரு காசு வாங்கவில்லை. சுட்ட குண்டுகூட இலவசம். சிலர் திரும்பி வரவில்லை.

நாடு சுதந்திரம் பெறுவதற்குச் சற்று முன், 1956-இல், பெல்டா வந்தது. நிலமில்லாதவனுக்குக் காட்டை வெட்டி, பத்து ஏக்கர் அளவில் கித்தாவோ செம்பனையோ நட்டுக் கொடுத்து, வீடும் கொடுத்து, நிலவுரிமையும் கொடுக்கிற திட்டம். உலக வங்கியே மெச்சிய ஏற்பாடு. கித்தா நடத் தெரிந்தவன், வெட்டத் தெரிந்தவன், மூன்று தலைமுறையாக வேறெதுவும் தெரியாதவன், நிலம் மட்டும் இல்லாதவன் யார் என்று தேடியபோது எங்களைப் பார்த்திருக்கலாம். ஆனால் தோட்டத்துக்காரனுக்கு ஏற்கெனவே தோட்டம் இருக்கிறதே என்று நினைத்துவிட்டார்கள் போலும். பெயரைப் பாருங்கள்: தோட்டத்து மக்கள். இப்படிப் பெயரிலேயே ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவர்களுக்குப் பத்து ஏக்கரை நீட்டுவது மரியாதையா?

அந்தக் காலத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். லயத்தில் இருந்தவர்கள் நடுத்தெரு. மறுநடவுக்கு மானியம் வாங்கிய மரங்களும் விற்பனையில் அடக்கம். அப்போது எங்கள் தலைவர் வீ. தி. சம்பந்தன் ஊர் ஊராகப் போய், மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு, நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அது வாங்கியபோது, அந்தப் பணத்தில் இருந்தது பால் வெட்டியவர்களின் பத்து வெள்ளிகள். இந்த நாட்டில் நிலமற்றவனுக்கு நிலம் கிடைக்க இரண்டு வழி இருந்தது. ஒன்றில் அரசாங்கம் கொடுத்தது. இன்னொன்றில் அவனே வாங்கினான். எங்களுக்கு இரண்டாவது வழியை விட்டுவைத்த பெருந்தன்மையை மறக்கலாகாது. இங்கே ஒரு வரி நிஜமாகவே எழுதிவிடுகிறேன்: சம்பந்தன் செய்தது பெரிய காரியம்.

அவருக்குப் பின் வந்த எங்கள் தலைவர்களும் லேசுப்பட்டவர்களா? 1980-களில் மைக்கா ஹோல்டிங்ஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கி, சமுதாயம் பணக்காரச் சமுதாயமாகப் போகிறது என்றார்கள். அறுபதாயிரம் பேருக்கு மேல், பத்துக் கோடி வெள்ளிக்கு மேல். தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் எங்கள் லயத்திலும் உண்டு. பணம் வளரவில்லை; ஆனால் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் பேச்சு எப்படி வளர்ந்தது தெரியுமா! இன்னொரு பக்கம் பெட்டாலிங் ஜெயாவில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையகம். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து ஔவை மெச்சினாளே, அந்த மாதிரி நின்று மெச்ச வேண்டிய கட்டடம். சங்கம் 1954-இல் தொடங்கியது. மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லையென்றால் கூலியில்லை என்ற தினக்கூலி முறையை மாற்றி மாதத்துக்கு 350 வெள்ளி குறைந்தபட்சம் என்று முதலாளிமாரோடு கையெழுத்திட்டது 2003-இல். அவசரப்படாமல், ஆற அமர, அரை நூற்றாண்டு யோசித்துச் செய்த காரியம்.

நடுவே 1981 செப்டம்பர் 7-ஐச் சொல்லாவிட்டால் தேசபக்திக்குக் குறை. அன்று காலை லண்டன் பங்குச் சந்தை திறந்து மதியச் சாப்பாட்டுக்குள், நம் தேசிய முதலீட்டு நிறுவனமான பிஎன்பி, வெள்ளைக்காரர்களின் தோட்டக் கம்பெனியான கத்ரியின் பெரும்பான்மைப் பங்கை அள்ளிக்கொண்டது. விடியற்காலைத் தாக்குதல் என்று இன்றும் மெய்சிலிர்க்கப் பேசுவார்கள். அடுத்தடுத்து ஹாரிசன்ஸ் தோட்டங்களும் நாட்டுக்கு வந்தன. அவை கோல்டன் ஹோப் ஆயின. 2007-இல் கோல்டன் ஹோப்பும் கத்ரியும் சைம் டார்பியும் ஒன்றாயின. கேரி தீவின் பெரும்பகுதி அந்தக் குடையின் கீழ். வாலண்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரரின் பெயரைச் சுமந்த தீவு, கடைசியில் மக்களின் முதலீட்டுப் பணத்துக்குச் சொந்தமாயிற்று. மக்கள் என்றால் யூனிட் டிரஸ்ட் வாங்கியவர்கள். லயத்தில் இருந்தவர்கள் வேறு மக்கள். வெள்ளைக்காரத் துரை போய் நம்மூர்த் துரை வந்தார். பெரட்டு அதே நேரத்துக்கு நடந்தது. 2024-இல் தோட்டக் கம்பெனியான சைம் டார்பி பிளாண்டேஷன் தன் பெயரை எஸ்டி கத்ரி என்று மாற்றிக்கொண்டது. லண்டன்வரை போய் வென்று வந்த எதிரியின் பெயரையே சூடிக்கொள்ளும் பெருந்தன்மை சோழனுக்குக்கூட வாய்க்கவில்லை. கடாரம் கொண்டான் என்றுதான் அவன் போட்டுக்கொண்டான். கடாரம் என்று போட்டுக்கொள்ளவில்லை.

சிறுதோட்டக்காரர்களைக் கெடுப்பதற்கென்றே 1973-இல் ரிஸ்டா என்ற அமைப்பு வந்தது. மறுநடவுக்கு, உரத்துக்கு, விலை விழுந்தால் ஊக்கத்தொகைக்கு என்று அவர்களுக்கு ஏதாவது வந்துகொண்டே இருக்கும். தாமான் வீடு ஒன்றில், பழைய தோட்டத்து அப்பாவுக்காக மகன் ஒருவன் கைப்பேசியில் இப்படியொரு உதவிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

“அப்பா, நிலம் எத்தனை ஏக்கர்னு கேக்குதுப்பா.”

“எந்த நிலம்?”

“நம்ம நிலம்.”

“நான் பாத்தது அம்பது ஏக்கருக்குக் கொறையாது. போடு.”

“கிராண்ட் நம்பர் வேணுமாம்.”

“அது துரைகிட்ட இருக்கும். ஆபீஸ் கிராணிகிட்ட கேட்டா எழுதிக் குடுப்பாரு.”

“சொந்தமா என்ன பயிர் வச்சிருந்தீங்க?”

அவர் யோசித்தார். “பொறவாசல்ல முருங்கை. ஒரு வாழை. கருவேப்பிலை.” பிறகு அவசரமாக, “வேணாம்யா, எழுதாத. கம்பெனி நிலம். பிடுங்கச் சொல்லிடப் போறாங்க” என்றார்.

லயத்தை இடித்து ஆண்டுகள் ஆகிவிட்டன; முருங்கைக்கு இன்னும் பயப்படுகிறார். ஒழுக்கம் என்றால் இதுவல்லவா ஒழுக்கம்!

நிலம் கம்பெனியுடையது என்ற ஒரே மந்திரத்தில் எத்தனை சிக்கல் தீர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கம்பங்கள் என்னும் கிராமங்களுக்கு அரசாங்கச் சாலை, குழாய்த் தண்ணீர், மின்சாரம், சமூகக் கூடம் என்று கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் போகும். தோட்டம் தனியார் நிலம். அதற்குள் நுழைந்து விளக்குப் போடுவது அடுத்தவன் வீட்டுக்குள் நுழைகிற குற்றம். அரசாங்கத்தின் நாகரிகம் அதைத் தடுத்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கும் இதே மரியாதை. பள்ளி நிற்கும் நிலம் அரசாங்கத்துடையது அல்ல, ஆகவே முழு உதவி கிடையாது, பகுதி உதவி. ஆசிரியர் சம்பளம் வரும். கூரை ஒழுகினால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சட்டி வைக்கும். எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டப் பாடம் இப்படி ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

இதே மந்திரத்தால் எங்களைவிடவும் பாக்கியம் பெற்றவர்கள் தீவில் உண்டு. மா மெரி மக்கள், கேரி துரைக்கு முன்பே அங்கே இருந்த பூர்வகுடிகள். சுங்கை பும்புன் கிராமத்தில் அவர்கள் செதுக்கும் மர முகமூடிகளை உலகம் முழுக்க வாங்கி மாட்டிவைக்கிறார்கள். நாடு அவர்களைக் கொண்டாடுகிறது. சுற்றுலாக் கையேட்டில் படம் போடுகிறது. முகமூடிக்கு மரம் எந்தக் காட்டில் எடுப்பது என்பதை மட்டும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கும் மானியம் கிடைக்கத்தான் செய்கிறது. மறைக்கக் கூடாது. மளிகைக் கடையில் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம், விலை 2 வெள்ளி 50 காசு. உள்ளே இருப்பது செம்பனை எண்ணெய். உண்மை விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அரசாங்கம் எண்ணெயைப் பொட்டலம் கட்டும் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிடுகிறது. தெலுக் பங்ளிமா காராங் பக்கத்துக் கடையில் ஒரு பாட்டி அந்தப் பொட்டலத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கசடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். உதிரிப் பழத்தைக் கோணியில் பொறுக்கிய கை. விரல் நுனிகள் முள் கிழித்துக் காய்ப்பேறிப்போனவை. தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்ததை ஒவ்வொரு கிலோவாகத் திரும்ப வாங்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. பொட்டலம் இருப்பு இருந்தால்.

இப்போது தீவில் அறுவாள் பிடிப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர். வங்காளதேசம், இந்தோனேசியா, இந்தியா. ஊரில் தரகனுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வருகிறார்கள். கங்காணி காலத்தில் தோட்டக்காரன் கொடுத்த கமிஷனை இப்போது தொழிலாளியே கொடுக்கிறான். முன்னேற்றம் என்றால் இது. 2020 டிசம்பர் கடைசியில், கட்டாய உழைப்பு என்று சொல்லி அமெரிக்கச் சுங்கத்துறை சைம் டார்பி பிளாண்டேஷன் எண்ணெயைத் துறைமுகத்திலேயே நிறுத்தியது. அதன் பிறகு தரகுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், தங்குமிடத்தைச் சீர்செய்தார்கள். 2023-இல் தடை நீங்கியது. எங்கள் காலத்தில் அமெரிக்காவுக்கு இவ்வளவு கூர்மையான மூக்கு இல்லாமல் போனதால், நாங்கள் அந்தப் பணத்தால் கெடாமல் தப்பினோம்.

எதுவுமே வருவதில்லை என்று எழுதிவிட்டு முடித்தால் பழி என்மேல் விழும். வருகிறது. தீபாவளிக்கு முந்திய வாரம் கோயில் திடலில் கூடாரம் போட்டு, ஐந்து கிலோ அரிசி, அதே எண்ணெய்ப் பொட்டலம், மைதா, சீனி, ஒரு டின் பிஸ்கட்டு. தொகுதி உறுப்பினரான ஒய்.பி. வருவார், மாலை விழும், பெயர் கூப்பிடுவார்கள், கூடையில் ஒரு கையும் ஒய்.பி. கையில் ஒரு கையுமாக நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கூடை கனமென்று எந்தப் பாட்டியும் இதுவரை முகத்தைச் சுளித்ததில்லை. கோயிலுக்கு ஒதுக்கீடு என்றால் ஆளுயரத்துக்கு அட்டையில் செய்த காசோலை வரும். எங்கள் பக்கத்தில் ஒரு கோயிலில் அந்த அட்டையைப் பத்திரமாக வைத்து, மடப்பள்ளிக்கும் சாமான் அறைக்கும் நடுவே தடுப்பாக நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல கெட்டி அட்டை, கரையானும் ஏறவில்லை. அசல் காசோலை பின்னால் வரும் என்றார்கள். வரட்டும், அவசரமில்லை.

கேரி தீவில் பெரிய துறைமுகம் வரப்போகிறது என்று 2017-இலிருந்து பேசுகிறார்கள். வந்தால் நிலத்துக்கு விலை உண்டு, நிற்கும் மரத்துக்கு மரக்கணக்கு உண்டு, கம்பெனிக்கு இழப்பீடு உண்டு. எங்களுக்கும் ஏதாவது ஒதுக்கி எங்கள் நூறாண்டு விரதத்தைக் கலைத்துவிட வேண்டாம் என்று சம்பந்தப்பட்ட அமைச்சைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தேர்தல் எந்த மாதம் என்பதை மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்; கூடாரத்துக்கு முன்பணம் கட்டி, வாழைமரத்துக்கும் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.